முப்பது மீட்டர்

படிச்சது சிவில், பொட்டி தட்டுறது சென்னையில. கள்ளக்குறிச்சிப் பக்கத்துல என்னை மாதிரி நிறைய பேர் உண்டு, அதனால இதுல பெருமையும் இல்ல, வெட்கமும் இல்ல.

கடைசி வருஷம் நாங்க நாலு பேர் சேர்ந்து பண்ணின ப்ராஜெக்ட்டோட தலைப்பு 'மருத்துவமனைக்கான அடுக்குமாடி வாகன நிறுத்தம்'. ஒரு பேஸ்மென்ட், மேல மூணு மாடி, முந்நூறு கார். வைவாவுக்கு வந்தவர் பீம் ஆழம் என்னன்னு கேட்டார். சொன்னோம். நல்ல மார்க் வந்துச்சு. நோயாளி எங்க இறங்குவார்னு அவரும் கேக்கல, நாங்களும் யோசிக்கல.

போன வருஷம் சர்க்கரையால அப்பாவோட வலது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு நாள் செக்கப்புக்கு வெளியூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பார்க்கிங் பேஸ்மென்ட்ல. லிஃப்ட் பக்கத்துல சக்கர நாற்காலி படம் போட்டு ரெண்டு இடம் விட்டிருந்தாங்க. ஒண்ணுல டீசல் கேன்கள், இன்னொண்ணுல யாரோட காரோ. நான் தள்ளிப் போய் ஒரு தூண் ஓரமா நிறுத்தினேன். கதவு பாதிதான் திறந்துச்சு. அப்பாவால வெளிய வர முடியல. வண்டியை நடுப் பாதைக்கு எடுத்தா பின்னாடி ஹாரன்.

"விட்றா தம்பி, நான் வண்டியிலயே இருக்கேன். நீ போய் சீட்டு போட்டுட்டு வா" அப்படின்னார்.

அந்த இடத்துல நிறுத்தினவனை மனசுக்குள்ள நல்லா திட்டினேன். திட்டும்போதே ஞாபகம் வந்துச்சு. அதுக்கு ஆறு மாசம் முன்னாடி சென்னையில ஒரு மால்ல, இதே படம் போட்ட இடத்துல நானும் நிறுத்தியிருக்கேன். 'அஞ்சு நிமிஷம்தானே'ன்னு. அவனும் அதையேதான் நினைச்சிருப்பான்.

அன்னைக்கு ராத்திரி பழைய ப்ராஜெக்ட் ஃபைலைத் தூசு தட்டி எடுத்தேன். எங்க ராம்ப் சரிவு 1:8. கார் ஏறும். சக்கர நாற்காலிக்கு 1:12 வேணும், அதாவது ஒரு மீட்டர் ஏற பன்னிரண்டு மீட்டர் நீளம். பேஸ்மென்ட் மூணு மீட்டர் ஆழம்னா 36 மீட்டர் ராம்ப், நடுநடுவுல மூச்சு வாங்க சமதளம் வேற. அதுக்கு இடம் ஏது? அதனால லிஃப்ட். லிஃப்ட் ரிப்பேர்னா கால் இல்லாதவர் அங்கயேதான்.

2021ல மத்திய அரசு கொண்டு வந்த வழிகாட்டு நெறிகளைப் படிச்சேன். மாற்றுத்திறனாளிக்கான கார் இடம் 3.6 மீட்டர் அகலம் இருக்கணும். சாதாரண இடம் இரண்டரை மீட்டர்தான். அந்தக் கூடுதல் ஒரு மீட்டர் சொச்சம்தான் கதவை முழுசா திறந்து நாற்காலியைப் பக்கத்துல போடுற இடம். வாசல்ல இருந்து 30 மீட்டருக்குள்ள இருக்கணும்னும் இருக்கு. இந்த மாதிரி விதியெல்லாம் வெறும் பரிந்துரையா இருந்தா போதாது, கட்டாயமாக்கணும்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2022 ஜனவரி 12ல தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 11 அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. அதுல ஒண்ணு எங்களோடது, ஊருக்கு வெளிய சிறுவங்கூர்ல. இப்படி ஒரு ஆஸ்பத்திரிக்கு இப்ப என்னை வரையச் சொன்னா முந்நூறு கார் வரைய மாட்டேன். இங்க கார்ல வர்றவங்க கம்மி. வெள்ளிமலையில இருந்து 108ல வருவாங்க, ஜீப்ல வருவாங்க, பைக்ல நடுவுல நோயாளியை உக்கார வச்சு மூணு பேரா வருவாங்க. பைக்ல கூட்டிட்டு வர்றவன் ஒருத்தனா இருந்தா, நோயாளியை வாசல்ல தனியா விட்டுட்டுத்தான் வண்டியை நிறுத்தப் போகணும். அதனால முதல்ல நான் வரையறது வாசல்ல ஒரு கூரை, பெஞ்சு, நாலு சக்கர நாற்காலி, அதைத் தள்ள ஒரு ஆள்.

ஆம்புலன்ஸுக்குத் தனி வழி. 2024 ஜூன்ல கருணாபுரம் கள்ளச்சாராயத்துல 60 பேருக்கு மேல செத்துப் போனப்ப, இங்க அரசு ஆஸ்பத்திரிக்கும், இங்கிருந்து சேலம், விழுப்புரம், ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அந்த வழியில பைக் நிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் பேஸ்மென்ட் வேண்டாம். இடம் இருக்கிற ஊர்ல எதுக்குப் பள்ளம் தோண்டி, புகையை வெளிய தள்ள நாள் முழுக்க ஃபேன் ஓட்டணும்? தரையிலயே நிறுத்தலாம். மேல சோலார் கூரை. ஒரு கார் இடம் பன்னிரண்டரை சதுர மீட்டர். நாற்பது கார்னா 500. பத்து சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட்னு வச்சாலும் 50 கிலோவாட். கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட்னா 200 யூனிட் கரண்ட், கூடவே நிழல். கீழ சிமென்ட் போடாம, தண்ணி இறங்குற மாதிரி இடைவெளி விட்ட கல். 2003லயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு கொண்டு வந்த மாநிலம் இது, நிறுத்துமிடம் மட்டும் ஏன் தண்ணியை ரோட்டுக்கு அனுப்பணும்? ஆயில் கலந்து போகாம இருக்க ஒரு வடிகட்டித் தொட்டி. கூரை இல்லாத பக்கம் புங்க மரம்.

போன வாரம் ஊருக்குப் போனப்ப இதையெல்லாம் ஒரு பேப்பர்ல வரைஞ்சு அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு இப்ப ஒரு ஆசை, பழைய ஸ்கூட்டிக்கு சைடு வீல் மாட்டி அவரே ஓட்டணும்னு.

"எல்லாம் சரிடா. என் வண்டி எங்க நிக்கும்?"

பார்த்தேன். பைக் வரிசை குறுகல், சைடு வீல் நுழையாது. 3.6 மீட்டர் எல்லாம் காருக்கு. அரசாங்கமே வருஷா வருஷம் மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த ஸ்கூட்டரைக் கொடுக்குது, ரோட்டுல தினம் பார்க்கிறேன். ஆனா வரையும்போது மறந்துட்டேன்.

ரப்பரை எடுத்து வாசலை ஒட்டி இருந்த ரெண்டு கார் இடத்தை அழிச்சேன். அப்பா பக்கத்துல உக்காந்து, எவ்வளவு அகலம் வேணும்னு கையை விரிச்சுக் காட்டினார்.