இடப்பக்கம் திரும்பினால் கடல்

கடலூரில் கிளம்பி கோடியக்கரை வரை போகும் பாதையைக் கடற்கரைச் சாலை என்று நம்பி வண்டியை எடுப்பவர்கள் முதல் ஒரு மணி நேரத்திலேயே ஏமாந்துபோவார்கள். ஏறத்தாழ 200 கி.மீ. தூரத்தில் கடல் கண்ணில் படுவதே அபூர்வம். வயல், சவுக்குத் தோப்பு, இறால் குட்டை, மறுபடி வயல். கடல் வேண்டுமென்றால் ஊருக்கு ஊர் இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பிய இடத்திலெல்லாம் ஒரு காலத்தில் கப்பல் வந்த ஊர் ஒன்று இருக்கும்.

கடலூரே அப்படித்தான். 1690இல் இங்கிருந்த கோட்டையை மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எட்டும் தூரம்வரை நிலம் அவர்களுக்கு என்பது பேச்சு. அப்படி எல்லைக்குள் வந்த ஊர்களுக்கு ‘குண்டு கிராமம்’ என்றே பெயர் விழுந்தது.

பி.முட்லூரில் திரும்பினால் வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலையில் ஐதர் அலியின் படையை ஆங்கிலேயர் தோற்கடித்தது இங்கேதான். பள்ளிப் பாடத்தில் அவ்வளவுதான் வரும். இன்னும் சுவையான சங்கதி இரும்பைப் பற்றியது. கம்பெனி உத்தியோகத்தை விட்ட ஜோசையா மார்ஷல் ஹீத், 1830 வாக்கில் இந்த மீனவர், வணிகர் ஊரில் இரும்பு உலை மூட்டினார். சேலத்துத் தாது வந்தது, உருக்கிய இரும்பு ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. உலைக்கு எரிபொருள் மரக்கரி. சுற்றுவட்டாரக் காடு குறையக் குறைய கரியின் விலை ஏறி, தொழிலும் படுத்துவிட்டது. இன்று ஊருக்குப் பெருமை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குச் சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பாதை பிரிகிறது. ‘இதயக்கனி’ படப்பிடிப்பு நடந்த இடம் என்று படகோட்டிகள் இன்றும் சொல்வார்கள். கொள்ளிடம் தாண்டி, சீர்காழி கடந்து, பூம்புகார். காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்தால் இதற்கா இத்தனை பெயர் என்று தோன்றும். வழியெல்லாம் பாசனத்துக்குக் கொடுத்துவிட்டு வரும் ஆறு அது.

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய ஊர் தரங்கம்பாடி. 1792இல் கட்டிய நுழைவாயிலைக் கடந்து ராஜ வீதியில் நடந்தால் பத்தே நிமிடத்தில் கடல். டென்மார்க்கிலிருந்து வந்த ஓவ கெட்டே, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார். மிளகுதான் நோக்கம். ஆனால் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது மிளகல்ல, காகிதம். 1706இல் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கு தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715இல் முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவை, அவற்றைக் கோத்தால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே இங்கேயே சின்ன எழுத்துகள் வார்த்தார்கள்; பக்கத்துப் போறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். 1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குச் சற்று வடக்கே, 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பாண்டியர் கோயிலான மாசிலாமணிநாதர் கோயிலின் கிழக்குப் பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

நண்டலாறு தாண்டினால் காரைக்கால். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர், இன்று புதுச்சேரி ஆட்சியின் பகுதி. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மாடிகளிலிருந்து வீசப்படும் மாம்பழத்தைப் பிடிக்கக் கை நீட்டலாம். வாஞ்சூர் எல்லையில் வண்டிகள் ஏன் மொத்தமாக நிற்கின்றன என்று கேட்க வேண்டியதில்லை, மதுக்கடைகள் அங்கே.

நாகூரில் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தையே கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் ஹாலந்துக்குப் போய்விட்டதால் லைடன் செப்பேடுகள் என்றே பெயர். விகாரத்தின் மிச்சமாக நின்ற கோபுரத்தை 1867இல் இடித்தார்கள். 2004 சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்தவர்களில் பெரும்பான்மையோர் இந்த மாவட்டத்துக்காரர்கள், வேளாங்கண்ணியும் தப்பவில்லை.

வேதாரண்யத்தில் கடலைவிட முக்கியம் உப்பு. ஆங்கிலேயரின் உப்புச் சட்டத்தை மீற 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு நடக்கத் தொடங்கிய ராஜாஜி, 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளினார். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று மிரட்டினார் தஞ்சைக் கலெக்டர் தார்ன். சனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்களாம். உப்பளங்கள் இன்றும் அங்கே வேலை செய்கின்றன.

இப்போது விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலையை நான்கு வழியாக்குகிறார்கள். பயணம் விரைவாகும், ஊர்களுக்குள் நெரிசலும் குறையும். இடப்பக்கம் திரும்புகிறவர்களும் குறைவார்கள்.

கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் சரணாலயத்தைத் தாண்டினால் சாலை தீர்ந்துவிடும். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்ட கட்டடம் சுனாமியில் சரிந்தது. கடற்கரை இங்கே மேற்கே திரும்புகிறது. ராமேஸ்வரம் போகிறவர்கள் வேதாரண்யத்துக்குத் திரும்பி வந்து, முத்துப்பேட்டை வழியைப் பிடிக்க வேண்டும்.