கார் ஓட்டத் தெரியாதவளுக்கு எந்த ஊர்?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உள்ள நடுத்தர ஊர்கள் நியூயார்க் மாதிரி இல்லை. என் தங்கை கணவருக்கு அங்கே இரண்டு ஊர்களில் வேலை கிடைத்தது. டென்னசியில் சட்டனூகா, தெற்குக் கரோலினாவில் கிரீன்வில். "அக்கா, எனக்குக் கார் ஓட்டப் பயம். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் எந்த ஊரில் இருக்கலாம், நீயே பார்த்துச் சொல்லு" என்றாள் தங்கை.

கிரீன்வில் ஒரு காலத்தில் மில் ஊர். ஊர் நடுவே ரீடி ஆற்று அருவி விழுகிறது. அதன் தலைமேலேயே கார்கள் ஓட ஒரு பாலம் கட்டி அருவியை மறைத்திருந்தார்களாம்! 2002-ல் அதை இடித்துவிட்டு, 2004-ல் வளைந்த நடைப்பாலம் போட்டார்கள். கடைத்தெரு முழுக்க மர நிழல். அழகு என்றால் இதுதான்.

சட்டனூகாவைச் சுற்றி மலை. தொழிற்சாலைப் புகை வெளியேற வழியில்லாமல், 1969-ல் நாட்டிலேயே மோசமான காற்று என்று பெயர் வாங்கிய ஊர். இப்போது நன்றாக மூச்சு விடலாம். வண்டிகளுக்கு 1978-ல் மூடிய பழைய வால்நட் தெருப் பாலத்தை இடிக்காமல், 1993-ல் நடப்பவர்களுக்கென்றே திறந்துவிட்டார்கள். அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் கிழவிகள் கூட விறுவிறுவென்று நடக்கிறார்கள்!

ஆனால் ஊர் நடுவை விட்டுத் தள்ளிப் போனால் இரண்டும் ஒன்றுதான். பல தெருக்களில் நடைபாதையே கிடையாது. பால் வாங்கக்கூடக் கார் வேண்டும்.

"தோட்டம் வைத்த பெரிய வீடெல்லாம் வேண்டாம். சட்டனூகாவில் பாலத்துக்குப் பக்கத்தில் சின்னதாகப் பாருங்கள்" என்றேன். வாடகையை விசாரித்துவிட்டு வந்த மாப்பிள்ளை முகம் சுளித்தார். தங்கையோ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டாள்.