கதையும் மெய்யும்

கதை என்றால் கற்பனை, கட்டுரை என்றால் உண்மை என்று நாம் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். வாழ்க்கை வரலாறு எழுத அமர்பவனுக்கு அந்தப் பிரிவினை அத்தனை எளிதன்று.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பே அவரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பியது. 1887-இல் அந்நூல் அவர் பதிப்பாக வெளிவந்தது. அன்று இருவரும் பேசிக்கொண்டதை 'என் சரித்திரம்' நூலில் அவர் உரையாடலாகவே எழுதியிருக்கிறார். அந்நூல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940-இல். இடையில் 60 ஆண்டுகள்! அத்தனை காலம் கழித்து ஒரு பேச்சை எழுத்துப் பிசகாமல் யாரால் நினைவுகூர முடியும்? ஆயினும் அதைப் பொய்யென்று நாம் ஒதுக்குவதில்லை. சந்திப்பு நடந்தது, அதனால் ஒரு வாழ்வு திசை மாறியது. சொற்கள் மட்டும் நினைவின் சொற்கள்.

அதே ஐயர் பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தபோது, ஏடுகளில் கண்ட வேறுபாடுகளைப் பாட பேதங்களாகக் குறித்து வைத்தார். தாம் கொண்ட பாடத்தை மட்டும் காட்டி மற்றவற்றை மறைக்கவில்லை.

இந்த முறை எனக்கு வீட்டிலேயே பயன்பட்டது. 1964 ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து 1970-களில் தாயகம் திரும்பியவர் என் அப்பாயி. அவர் வரலாற்றை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கப்பலேறத் தலைமன்னாருக்குப் புறப்பட்ட நாளில், அங்கேயே தங்கிவிட்ட அக்காள் ரயிலடிக்கு வந்து அழுததாக ஒருநாள் சொன்னார். இன்னொரு நாள், "அக்கா வரலப்பா. லயத்து வீட்டு வாசல்லயே நின்னுருச்சு" என்றார். ரயிலடிக் காட்சிதான் எழுத்துக்கு அழகு. அதையே எழுதும்படி வீட்டிலும் சொன்னார்கள். நான் இரண்டையும் எழுதினேன். அதன்பின் அக்காளைப் பார்க்கவேயில்லை என்பது மட்டும் எத்தனை முறை கேட்டாலும் மாறவில்லை. ஒருகால், வந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கமே அக்காளை ரயிலடிக்கு அழைத்து வந்ததோ என்னவோ! அந்த ஏக்கமும் அப்பாயியின் வரலாறுதான். ஒன்றை அடித்திருந்தால் அது நோட்டில் ஏறியிராது.

எதை முன்னே சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதைக் கதாசிரியனிடம் கற்றுக்கொள்வோம். நடக்காததைச் சேர்க்கும் உரிமையை அவனிடமே விட்டுவிடுவோம். வீட்டு முதியோரின் வாழ்வை எழுத முனையும் நண்பர்களே, அவர்கள் இரு விதமாகச் சொன்னால் இரு விதமாகவே எழுதுங்கள். படிப்பவர் புரிந்துகொள்வார்.