போத்தா மணல்

ஈப்போவிலிருந்து பத்து காஜா தாண்டிப் பேராக் ஆற்றங்கரைக்குப் போனால் போத்தா கானான் வரும். துந்தோங் ஆமைகளின் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கும் நிலையம் அங்கே இருக்கிறது. அதை 1960களின் பிற்பகுதியில் வனவிலங்குத் துறை தொடங்கியது. வேலிக்குள் மணல், மணலுக்குள் முட்டைகள். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். தாய் தோண்டிப் புதைத்ததை வெயில் முடித்துவைக்கிறது.

மணல் என்றாலே எனக்கு எங்கள் ரப்பர் தோட்டத்து ஓடைதான். தாத்தா விடியலில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, காண்டாக் கம்பில் பாலைச் சுமந்து வந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுப்பார். பிற்பகலில் தூண்டிலோடு ஓடை மணலில் உட்கார்வார். விரால் கிடைத்தால் அன்று லயமே மணக்கும். பாலை உறையவைக்கும் திராவகக் கழிவு ஓடையில் இறங்கும் நாளில் மீன் செத்து மிதக்கும். அத்தை பேசாமல் கருவாடு சுடுவார்.

எங்கள் ஓடை கிந்தா ஆற்றில் கலக்கும். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் தோண்டும் லம்பங்கள் கழுவிவிட்ட சேறும் அந்த ஆற்றோடுதான் போயிற்று. கிந்தா போய்ச் சேர்வது பேராக் ஆற்றில், போத்தாவுக்குக் கீழே. கழிமுகத்தில் பெரெம்பாங் பழம் தின்று வளரும் துந்தோங், முட்டையிட ஆற்றில் மேலேறும்போது அந்தச் சங்கமத்தைக் கடந்துதான் வரவேண்டும். தாத்தாவின் ஓடைத் தண்ணீரில் அதுவும் நீந்தியிருக்கிறது.

பினாங்கில் இருந்த மருத்துவர் தியோடர் கான்டர் 1847இல் இந்த ஆமையை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். பேராக் அரச குடும்பத்துக்கு உரியவையாகக் கருதப்பட்ட முட்டைகள் இவை. இன்று இது அற்றுப்போகும் விளிம்பில் நிற்கும் இனம்.

நிலையத் தொட்டியில் உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வெயில் காய்ந்தன. இவை பெரிதாகி முட்டையிடப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை கரை இருக்க வேண்டுமே! மேலே 1930இல் கட்டிய செண்டேரோ தொடங்கி வரிசையாக அணைகள். திறந்துவிடும் தண்ணீர் மணல் மேட்டில் ஏறினால் முட்டை அழுகிவிடும். கீழே மணல் அள்ளும் இயந்திரங்கள்.

எங்கள் ஓடைக்குக் காவல் நிற்க அன்று யாரும் இல்லை. பேராக் ஆற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது. முட்டைக்குக் காவல் போட்டவர்கள் மணலுக்கும் காவல் போடவேண்டும்.