வெறும் வயிற்றோடு வாங்க

பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. காய்ச்சல் விட்டால் மாத்திரையை நிறுத்தியே பழகியவர்கள் அவர்கள். பிரஷர் 170, 180 இருக்கும்போதும் பலருக்கு உடம்பில் ஒன்றுமே தெரியாது; வயலில் களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். மூளையின் ரத்தக்குழாயும் இதயமும் சிறுநீரகமும் மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும். தலை சுற்றினால்தான் மாத்திரை என்று இருப்பவருக்கு இதை யாராவது உட்கார்ந்து சொன்னார்களா?

எங்கள் பெரியம்மா மாத்திரையை மறப்பவரே அல்ல. ஆனால் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க, "வெறும் வயித்தோட வாங்க" என்று சொல்லியிருந்தார்கள். அன்று காலை அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையையும் போடாமலே போனார். அங்கே பிரஷர் 160 காட்டியது. அடுத்த முறையும் அப்படியே. மருந்து போதவில்லை என்று நினைத்து, 5 மில்லிகிராமை 10 ஆக்கினார் டாக்டர். சில வாரத்தில் கணுக்கால் வீங்கியது. அந்த மருந்தின் அளவைக் கூட்டினால் சிலருக்கு அப்படி ஆகும். டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார். பெரியம்மாவோ கிட்னி போய்விட்டதென்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையையே நிறுத்திவிட்டார்.

"காலைல போட்டுட்டுப் போயிருக்கலாமே பெரியம்மா?"

"வெறும் வயிறுன்னாங்களேப்பா!"

சாப்பிடாமல் போடக்கூடாதது சர்க்கரை மாத்திரை. பிரஷர் மாத்திரையைப் பெரும்பாலும் ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொண்டே போகலாம். அவருக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு வாக்கியம்தான்.

பஸ் பயணம் என்றால், அடிக்கடி சிறுநீர் போகவைக்கும் நீர் மாத்திரையை விட்டுவிடும் பெண்கள் எத்தனையோ பேர். வழியில் ஒதுங்க இடமில்லை என்பது நியாயமான காரணம். அளந்து பார்த்து நார்மல் என்றதும் நிறுத்துகிறவர்களும் உண்டு. அந்த நார்மலே மாத்திரையால் வந்தது என்று தெரியாததுதான் காரணம். அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரையைத் திடீரென விட்டால் பிரஷர் எகிறும், இதய நோயாளிக்கு நெஞ்சுவலியே வரலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபின், மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய காரியம் அது. கொண்டுவருகிறவர், "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எந்தெந்த நாள் போட முடியல, ஏன்?" என்று கேட்க வேண்டும். பஸ், வெறும் வயிறு, கால் வீக்கம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அதை டாக்டரிடம் சொன்னால், நீர் மாத்திரையின் நேரத்தையோ மருந்தையோ அவர் மாற்றித் தருவார்.