வலப்பக்க விளக்கு

போன மாதம் பேரன் பிரான்சிலிருந்து வீடியோவில் பேசினான். "தாத்தா, கடைசி வருஷ ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாச்சு. காரும் காரும் வயர்லெஸ்ல பேசிக்கறதைப் பத்தி" என்றான். அவன் படிப்பைப் பற்றிச் சொன்னால் தலையாட்டிவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு என் வேலை முடிந்துவிடும். அன்று ஒரு மணி நேரம் அவனை விடவில்லை.

1981-ல் ஒரு மாலை, விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியவர் என் அலுவலக நண்பர், எனக்கு இரண்டு வயது மூத்தவர். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி. அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். பின்னால் வருகிறவனுக்கு சைடு கொடுப்பதானால் டிரைவர் கையை வெளியே நீட்டி ஆட்டுவார். இருட்டிவிட்டால் வலப்பக்க விளக்கை மின்னவிடுவார். வலது பக்கம் திரும்புவதற்கும் அதே விளக்குதான்.

விளக்கு மின்னியது. நண்பர் தயங்கினார். "சைடு குடுத்துட்டான், போங்க" என்றேன். போனார். லாரி செங்கல் சூளைக்குப் போகும் மண்பாதையில் வலது பக்கம் திரும்பியது.

எனக்குக் கால் எலும்பு முறிந்ததோடு போயிற்று. அவர் பிழைக்கவில்லை.

பேரன் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். தானாக ஓடும் காரில் கேமராவும் ரேடாரும் இருக்கின்றன. ஆனால் முன்னால் ஒரு லாரி போனால், அதற்கு அப்பால் இருப்பதைக் கேமராவால் பார்க்க முடியாது. அதற்குத்தான் வயர்லெஸ். ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் இடம், வேகம், போகும் திசை, பிரேக் போட்டிருக்கிறதா என்பதையெல்லாம் ஒரு சின்னச் செய்தியாக வினாடிக்குப் பத்து முறை வரை காற்றில் விடுகிறது. சில நூறு மீட்டருக்குள் இருக்கும் மற்ற வண்டிகள் அதைக் கேட்டுக்கொள்கின்றன. நடுவில் இன்னொரு வண்டி மறைத்தாலும் பெரும்பாலும் கேட்கும்.

"கிடைச்சதுன்னு பதில் வருமா?" என்று கேட்டேன். டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தவன் வேறு என்ன கேட்பான்? ஒப்புகை கிடையாது என்றான். எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லும் செய்தி. ஒன்று தவறினாலும் அடுத்த நொடிக்குள் புதிதாக இன்னொன்று வந்துவிடும். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் பேசினால் சந்தை இரைச்சல்தானே என்றேன். நெரிசல் அதிகமானால் ஒவ்வொரு வண்டியும் தானாகவே பேச்சைக் குறைத்துக்கொள்ளும்படி விதி எழுதியிருக்கிறார்களாம். பொய்ச் செய்தி வராமலிருக்க ஒவ்வொன்றிலும் மின்கையெழுத்து உண்டு. ஆளைத் தொடர்ந்து வேவு பார்க்க முடியாதபடி, அந்த முத்திரையை அவ்வப்போது மாற்றிக்கொள்வார்கள். கோப்பு பார்த்துப் பழகிய எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது.

பிரான்சில் 2014-ல் ஸ்கூப் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். 3000 வண்டிகள், 2000 கிலோமீட்டர் சாலை என்பது இலக்கு. பாரிஸ் – ஸ்ட்ராஸ்பூர் நெடுஞ்சாலை, போர்தோ சுற்றுச்சாலை, பிரெத்தாஞ் என்று இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ரெனோவும் பேஜோவும் சேர்ந்திருந்தன. சாலை வேலை நடக்கிறது, முன்னால் விபத்து என்பதையெல்லாம் சாலையோரக் கருவிகளும் வண்டிகளும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வதற்கான சோதனை.

இவ்வளவு நல்ல விஷயம் ஏன் இன்னும் எல்லா வண்டியிலும் வரவில்லை? காரணம் பாஷைச் சண்டை. வை-ஃபை வழியில் பேசுவது ஒரு கட்சி, செல்போன் வழியில் பேசுவது இன்னொரு கட்சி. ஒன்று பேசுவது மற்றதற்கு நேரடியாகப் புரியாது. அமெரிக்காவில் 1999-லேயே இதற்கென்று 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒதுக்கினார்கள். பயன்படுத்தியவர்கள் குறைவு. 2020-ல் அதில் 45-ஐ வீட்டு வை-ஃபைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் 30-ஐ செல்போன் வழிக்கு என்று முடிவு செய்தார்கள். ஐரோப்பாவில் 2019-ல் வை-ஃபை வழிக்குச் சாதகமாக ஒரு விதி வந்தது. உறுப்பு நாடுகளின் கவுன்சில் அதை நிராகரித்துவிட்டது.

பாஷை மாறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கிலக் கோப்பு எழுத உட்கார்ந்தவன் நான். பிரெஞ்சில் 'எவாந்த்யுவெல்மான்' என்றால் 'ஒருவேளை நடக்கலாம்' என்று பொருள். ஆங்கிலத்திலும் அப்படித்தான் என்று நினைத்து, ஒரு பெரியவரின் பாக்கித் தொகை 'ஈவென்சுவலி' கிடைக்கும் என்று குறிப்பு எழுதினேன். மேலதிகாரி 'முடிவில் கிடைத்தே தீரும்' என்று படித்து, அவரிடம் அப்படியே சொல்லிவிட்டார். அந்தப் பெரியவர் பல மாதம் அலைந்தார். எழுத்து ஏறத்தாழ ஒன்று, பொருள் இரண்டு.

பேச்சு இந்த இடத்துக்கு வந்தபோதுதான் பேரனிடம் 1981-ஐச் சொன்னேன். கால் முறிந்த கதை அவனுக்குத் தெரியும். "போங்க" என்று நான் சொன்னது தெரியாது. வீட்டில் யாருக்குமே தெரியாது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "தாத்தா, அப்போ இந்த வயர்லெஸ் இருந்திருந்தா காப்பாத்தியிருக்கும்னு நான் சொல்லமாட்டேன்" என்றான். முதலில் வந்த செய்திகள் வண்டியின் நிலையைத்தான் சொல்லும். வலப்பக்க விளக்கு எரிகிறது என்று சொன்னால், அதுவும் விளக்குதானே. 'நான் திரும்பப் போகிறேன்', 'நீ முதலில் போ' என்று வண்டிகள் தங்கள் எண்ணத்தைச் சொல்லி ஒத்துப்போவதற்கான செய்திகளை இப்போதுதான் வகுத்துக்கொண்டிருக்கிறார்களாம். அவனுடைய ப்ராஜெக்ட் அதில் ஒரு சின்னத் துண்டு.

அவன் ஆறுதலுக்காகப் பொய் சொல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. "இதை அந்த ஆயாகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டான். நண்பரின் மனைவியைத்தான் சொன்னான். இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சொல்ல நினைத்தேன். பிறகு அவர் பிள்ளைகள் படிப்பு முடியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் அந்த அம்மாவே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவன் எப்போதாவது இந்தப் பக்கத்தைப் படிப்பதுண்டு. இதை வெளியிடுவதற்கு முன்னால் அவனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "நீங்களும்தானே மாமா பின்னாடி உட்கார்ந்திருந்தீங்க" என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

காரெல்லாம் ஒரே பாஷை பேசும் காலத்தை நான் பார்ப்பேனோ என்னவோ. அதுவரை, முன்னால் போகும் லாரி வலப்பக்க விளக்கைப் போட்டால் கொஞ்சம் பொறுங்கள். சைடா, திருப்பமா என்று தெரிந்த பிறகு போங்கள்.