வலப்பக்க ஜன்னல்

சென்னைக்கு டிக்கெட் போடும்போதெல்லாம் அப்பாவுக்கு நடைபாதை ஓரமே கேட்டு வாங்குவேன். எண்பது வயது, அடிக்கடி எழுந்து போகவேண்டும். இந்தத் தடவை அவரே, "எனக்கு ஜன்னல் ஓரம் போடும்மா" என்றார்.

சின்னப் பையனாக நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்கு ரஜூலா கப்பலில் வந்தவர் அப்பா. 1926 முதல் 1973 வரை எத்தனையோ குடும்பங்களை இக்கரைக்குக் கொண்டுவந்த கப்பல். மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் இவர்களுக்கு இருக்கை. "தண்ணியத்தான் பாத்துக்கிட்டு வந்தோம். வழியில எது எந்த ஊருன்னு ஒருத்தரும் சொல்லல" என்பார்.

அன்றிரவு கிள்ளான் வீட்டில் வரைபடத்தை விரித்து, சிப்பாங் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். மலாக்கா நீரிணையைத் தாண்டிய கோடு, சுமத்ராவின் வடமுனைக்கும் பெரிய நிக்கோபாருக்கும் நடுவே போயிற்று. இடப்பக்கம் ஆச்சே, வலப்பக்கம் நிக்கோபார். உடம்பு சிலிர்த்தது. 1025-இல் கடல் கடந்த ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் கடாரத்தோடு சேர்ந்து வரும் இலாமுரிதேசமும் மாநக்கவாரமும் இவைதாம். பள்ளியில் மனப்பாடம் செய்த பெயர்கள், ஒரே விமானத்தின் இரண்டு ஜன்னல்களில்!

மாலை விமானமானால் வெயில் இடப்பக்கம் முன்னாலிருந்து கண்ணில் அடிக்கும். ஆனால் மேற்கே பறப்பதால் சூரியன் மறைய, தரையில் ஆவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் 'ஏ' இருக்கையில் உட்காரலாம். எங்களுடையது காலை விமானம். வெயில் முதுகுக்குப் பின்னால். வலக்கோடி 'எஃப்' எடுத்தேன், இறக்கைக்கு முன்வரிசையில். இறக்கைக்குப் பின்னால் போனால் எஞ்சின் அனல் பட்டுக் காட்சி கானல்போல நெளியும்.

தெற்கே எழும்பிய விமானம் வலப்பக்கம் சாய்ந்து வளைந்தது. ஜன்னல் நிறையச் செம்பனை, சீப்பால் வாரிவிட்டதுபோல். அப்பாவின் காலத்தில் எங்கு பார்த்தாலும் பால்மரம். அப்புறம் கேரித் தீவு, சேற்று நிறத்தில் கழிமுகம், தூரத்தில் தீக்குச்சிகளாய்க் கிள்ளான் துறைமுகத்துக் கிரேன்கள். "அங்கதான் எறங்குனோம். போர்ட் சுவெட்டன்ஹாம்" என்றார். 1972-இல் பெயர் மாற்றினார்கள். அப்பாவின் வாயில் இன்னும் மாறவில்லை.

பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெறும் நீலம். கண்ணாடியின் அடியில் ஊசித் துளையைச் சுற்றிப் பனி பூப்போல் படர்ந்திருந்தது. அப்பா அதன்மேல் விரல் நகத்தை வைத்தபடி இருந்தார். சாப்பாட்டுத் தட்டு அப்படியே ஆறியது.

மேகம் விலகிய இடத்தில் கரும்பச்சையாக ஒரு கரை தெரிந்தது, ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை இருக்கும் தீவு. 2004 சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கத்தில் அந்த முனையில் நிலம் நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் காலடியில் கடல் வந்து நின்றுவிட்டது.

"மாநக்கவாரம்ப்பா."

"எங்க கப்பலும் இந்தப் பக்கமா வந்திருக்குமா?"

"நாகப்பட்டினத்திலேர்ந்து பினாங்குக்கு நேரா வந்தா இந்தத் தீவு குறுக்கே நிக்கும்ப்பா. இதுக்குத் தெற்கே இருக்கிற கால்வாய் வழியாத்தான் வந்திருக்கணும்."

தீவு பின்னால் போய் மறையும்வரை நெற்றியைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. பிறகுதான் தண்ணீர் கேட்டார்.

"திரும்பி வரும்போது எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்ப்பா. பகல் விமானமாப் பாத்து எடுக்கிறேன்."